பிரிக்காத ஊசி

என் மகளின் இடது காதின் மேல்மடல் பொரித்த அப்பளத்தின் ஓரம்போலச் சுருண்டிருக்கிறது. அதன்மேல் முடியை இழுத்துவிட்டுக்கொண்டுதான் இப்போது கல்லூரிக்குப் போகிறாள்.

ஆண்டுவிழாவுக்கு முன் மேல்காது குத்திக்கொள்ள ஆசைப்பட்டாள். சாக்கோட்டைச் சாலையில் ஓர் அழகு நிலையத்துக்கு அழைத்துப் போனேன். அதை நடத்தும் பெண், எங்களுக்கு முன்னால் இருந்தவளுக்குக் குத்தி முடித்தார். அதே ஊசியைக் கிண்ணத்திலிருந்த வெள்ளை மருந்துத் தண்ணீரில் முக்கித் துடைத்தார். கீழே கிடந்த முடியைக் கூட்டித் தள்ளினார். கை கழுவாமல் மகளின் காதைப் பிடித்தார். மகள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். கேளும்மா என்கிற பார்வை.

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் பேச ஆரம்பித்துவிட்டார்.

"போன வாரம் ஒருத்தவுக வந்தாகக்கா. நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தாக. எந்தத் தெருன்னு கேட்டாக, சொன்னேன். ஒடனே சீப்பக் கழுவு, கையக் கழுவுங்குறாக. கிருமியாம்! தெருப் பேரு தெரியிற வரைக்கும் அவுகளுக்குக் கிருமி ஞாபகமே வரலக்கா!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். என் அப்பா வீட்டுக் கொல்லையில், வயல் வேலைக்கு வருகிறவர்களுக்கென்று தனித் தம்ளர் கவிழ்த்திருக்கும். விரல் படாமல் அதில் தண்ணீர் ஊற்றிய சிறுமி நான்தான். இந்த வாயால் கை கழுவச் சொல்வதா?

"நாங்க அதெல்லாம் பாக்குறதில்லைம்மா" என்றேன். பெருமையோடுதான் சொன்னேன்.

"ஒங்களப் பாத்தாலே தெரியுதேக்கா" என்றபடி குத்தினார்.

மூன்றாம் நாள் காது வீங்கியது. ஐந்தாம் நாள் சீழ் வைத்தது. மதுரையில் கீறிச் சுத்தம் செய்தார்கள். உள்ளிருக்கும் குருத்தெலும்பு அழிந்துவிட்டது, பழைய வடிவம் வராது என்றார் மருத்துவர். ரத்தச் சோதனையில் ஒன்றுமில்லை, அந்த மட்டும் தப்பித்தோம். "புது ஊசிதானே? கை கழுவினாங்களா? நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?" என்று கேட்டார்.

சண்டை போடத்தான் திரும்பப் போனேன். கைபேசியில் காதின் படத்தைப் பார்த்ததும் அந்தப் பெண் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்தார். உறை பிரிக்காத ஊசிகள், கையுறைகள்.

"எல்லாம் இருக்குக்கா. கேக்குறவுகளுக்குப் பிரிப்பேன்."

"கேட்டாத்தான் பிரிப்பியா?" என்று கத்தினேன்.

"கேக்குறவுக எதுக்குக் கேக்குறாகன்னு எனக்குத் தெரியும். நீங்க கேக்கல. எனக்கு அது சந்தோசமா இருந்துச்சுக்கா." அழுதார்.

என்னால் அதற்குமேல் திட்டவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை.

மகள் அந்தப் பெண்ணைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. கட்டுப் பிரித்த அன்று என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கண்ணாடியில ஒன்னைத்தான பாத்தேன். நீ ஏம்மா சிரிச்ச?"