ஜெயித்தால் வெடிக்கிற லேப்டாப்

இன்றைக்கு விருதுநகரில் ஒரு லேப்டாப் கடைக்குள் இருந்து என் மனைவி என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

(விலையைப் பார்த்து இல்லை. அதைப் பார்த்தும் ஓடலாம்தான்.)

முதலில் இருந்து சொல்கிறேன்.

என் மனைவி பேச்சியம்மாள் பட்டாசு ஆலையில் திரி வெட்டியவள். அந்த வேலையில் விரல் நுனி தேய்ந்து மழமழவென்று ஆகிவிட்டது. ரேஷன் கடை மெஷின் அவள் ரேகையை ஒத்துக்கொள்ளாது. (வேறு யார் கையையோ கடன் வாங்கிக்கொண்டு வந்த மாதிரி பார்ப்பார்கள்.) இப்போது போனும் அப்படித்தான். தொட்டால் கேட்க மாட்டேன் என்கிறது.

உழைத்த கையைக் கை இல்லை என்று சொல்கிற மெஷினை எவன் செய்தான்? இந்தக் கோபம் எனக்குத் தீராது.

அதில் என்ன குடிமுழுகிவிட்டது என்பீர்கள். ஆலையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து வேலை பார்த்த மாரியம்மாள் இப்போது மகனோடு பெங்களூரில் இருக்கிறாள். அங்கே பாஷையும் தெரியாது, பேச்சுத் துணையும் கிடையாது. மத்தியானம் ஆனால் இரண்டு பேரும் ஆன்லைனில் லூடோ ஆடுவார்கள், ஸ்பீக்கரில் பேசிக்கொண்டே. விரல் மக்கர் செய்ததில் ஆட்டம் நின்றுபோனது.

சும்மா போனில் பேசு என்றேன். கொஞ்ச நேரத்தில் "வேற என்ன" என்று வந்து நின்றுவிடுகிறது. கைக்கு வேலை இருந்தால்தான் அவர்களுக்கு வாயில் பேச்சு வரும். அப்படியே பழகியவர்கள்.

போன வாரம் பேச்சியம்மாள் சொன்னாள்: "அவ குரல் ஒடுங்கிப் போச்சுங்க."

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். கீபோர்டுக் கட்டையை அமுக்கி ஆடுகிற மாதிரி ஒரு லேப்டாப் வாங்குவது என்று.

நான் எட்டாம் வகுப்பு. நான் வேலை பார்த்த பிரஸ்ஸில் கம்ப்யூட்டர் வந்தபோது யாரும் சொல்லித்தரவில்லை, நானாகக் கற்றுக்கொண்டேன். அதனால் எனக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். சின்னதாக, கனம் இல்லாமல், விலை குறைவாக. ஆனால் எஸ்எஸ்டி என்கிற வேகமான டிஸ்க் கட்டாயம். அது இல்லாவிட்டால் ஆமை மாதிரி நகரும். இதை விட்டுக்கொடுப்பதில்லை என்றுதான் பஸ் ஏறினேன்.

"ஆன்லைன் கேம் ஆட ஒரு சின்ன லேப்டாப்" என்றேன்.

"பேரனுக்கா தாத்தா?" கவுண்டரில் இருந்த பெண் கேட்டது.

"இல்ல. என் வீட்டுக்காரிக்கு."

வீட்டுக்காரியைத் திரும்பிப் பார்த்தால் வாசலிலேயே நிற்கிறாள், கண்ணாடிக் கதவைக் காலால் திறந்து பிடித்துக்கொண்டு. ஆலையில் ஆள் உள்ளே இருக்கும்போது கதவைச் சாத்த மாட்டார்கள். எந்தக் கடைக்குப் போனாலும் இவள் இப்படித்தான். ஏசி வீணாகிறது என்று மேனேஜர் முனகினார்.

"ஏசி போனா போகட்டும். நம்ம இருக்கணும்ல" என்றாள்.

அந்தப் பெண் முதலில் எடுத்து வைத்தது கலர் கலராக லைட் எரிகிற ஒன்று. அம்மிக்கல் கனம். திருப்பி அனுப்பினேன். அடுத்து இரண்டில் எஸ்எஸ்டி இல்லை என்று கண்டுபிடித்துச் சொன்னேன். (அதற்குப் பிறகு நான் தாத்தா இல்லை, சார்.)

நான்காவது சரியாக இருந்தது. பேச்சியம்மாளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு லூடோவைத் திறந்து கொடுத்தேன். கட்டை அவள் விரலுக்குக் கட்டுப்பட்டது. ஒரு தடவைகூட மறுக்கவில்லை. கம்ப்யூட்டரோடு ஆடி ஜெயித்தே விட்டாள்.

போனில் ஜெயித்தால் கைதட்டல்தான் வரும். இதில் பட்டாசு வெடித்தது. முழு சத்தத்தில்.

என் சட்டை அவள் கையில் இருந்தது. "ஓடுங்க!"

சத்தம் கேட்டால் என்ன ஏது என்று பார்க்காதே, முதலில் வெளியே போ. ஆலையில் அதுதான் பாடம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் வந்துதான் விட்டாள்.

திரும்பிப் பார்த்தால் எங்களுக்கு முன்னாலேயே ஒரு ஆள் ஓடிவந்து அங்கே நிற்கிறது. அந்தக் கவுண்டர் பெண். ஒரு கால் செருப்பு ரோட்டில் கிடந்தது. கடைக்குள் மற்றவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"எந்த ஊரு தாயி?" என்றாள் பேச்சியம்மாள்.

"தாயில்பட்டி. அம்மா இப்பவும் பட்டாசு வேலைக்குப் போறாக."

பேச்சியம்மாள் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு என்னிடம், "வேண்டாங்க. ஜெயிக்கிறப்பல்லாம் ஓட முடியுமா? வீட்டுக்குப் போவோம்" என்றாள். மாரியம்மாளையும் சேர்த்து விட்டுவிடுகிற குரல் அது.

அந்தப் பெண் உள்ளே போய் வேறு ஒரு சின்ன லேப்டாப்பைக் கொண்டுவந்தது. மரத்தடிக்கே. மேனேஜர் கூப்பிடக் கூப்பிடக் காதில் வாங்கவில்லை.

"பெரியம்மா, இந்தக் கட்டைய அமுக்கிட்டா சத்தமே வராது. அமுக்கித்தான் கொண்டாந்திருக்கேன்."

பேச்சியம்மாள் அதைத் தூக்கி, அடியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "சூடேறுமா?"

"வெதுவெதுன்னு இருக்கும். அம்புட்டுதான்."

"அப்ப இது போதும்."

அதில் எஸ்எஸ்டி இல்லை. இருந்தும் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். (என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டீர்கள்.)

மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் மாரியம்மாளைப் போனில் கூப்பிட்டு, கடையில் ஆடிய அதே லூடோவைத் திறக்கச் சொன்னோம். ஆமை வேகத்தில்தான் வந்தது. ஆரம்பிக்கும் முன்னால் பேச்சியம்மாள், "ஏ மாரி, மொதல்ல சத்தத்த அமத்து. அப்புறம் காய எடு" என்றாள்.

ஏன் என்று மாரியம்மாள் கேட்கவே இல்லை.

மாரியம்மாள்தான் ஜெயித்தாள். சத்தமே இல்லாமல் திரை முழுக்கக் கலர் கலராகப் பட்டாசு வெடித்தது.

ஸ்பீக்கரில் மாரியம்மாள், "ஏ பேச்சி, பச்ச நல்லா வந்திருக்குல்ல?"

"ஆமா. யாரு அடைச்ச மருந்தோ."

அது அணைகிறவரை இரண்டு பேரும் அடுத்த ஆட்டத்தைத் தொடவில்லை.

தாயில்பட்டித் தங்கமே, நீ இதைப் படித்தால் ஒன்று சொல். அந்தச் செருப்பு கிடைத்ததா?