இறங்கினால் அவுட்

1. மின்விசிறியும் நானும்

என் சேஃப்டி வகுப்பில் தூங்காமல் சுற்றியது மின்விசிறி மட்டும்தான். ஆம்பூர் பக்கம் தோல் பதனிடும் ஒரு டேனரியில் நான் சேஃப்டி ஆபீசராக இருந்தேன். போன வருடம் ரிட்டயர் ஆனேன். தோல் கழுவிய தண்ணீர் சேரும் குழியில் விஷவாயு இருக்கும். உள்ளே ஒருவன் மயங்கி விழுந்தால், காப்பாற்றுகிறேன் என்று அடுத்தவன் இறங்குவான். அவனும் விழுவான். "எறங்காதீங்கய்யா!" என்று தொண்டை கிழியக் கத்துவேன். கடைசி வரிசையில் குனிந்த தலைகளுக்குக் கீழே போன் வெளிச்சம். கேம்! எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வீட்டில் புலம்பினேன். சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் என் மகள் கவிதா சிரித்தாள்.

"அவங்க போன்லதான இருக்காங்க? நீங்களும் அங்கயே போங்கப்பா."

2. ஜெயிக்க முடியாத கேம்

லீவு நாட்களில் உட்கார்ந்து அவளே ஒரு கேம் செய்து தந்தாள். திரையில் எங்கள் குழி. உள்ளே இறங்கிய ஒருவன் மயங்குகிறான். மேலே நிற்பது நீங்கள். ஏணியில் கால் வைத்தால் 'டொய்ங்' என்று ஒரு சத்தம், அவுட். எவ்வளவு வேகமாக இறங்கினாலும் அவுட். அவன் இறங்கும் முன்பே அவனுக்குப் பெல்ட்டும் கயிறும் மாட்டிவிட்டு, மேலிருந்தே இழுத்தால்தான் பிழைப்பான்.

மேனேஜர் முறைத்தார். "இன்னா சார், கம்பெனியில கேம் ஆட சொல்றீங்களா? தோல் வாங்க வர்ற பையர் பாத்தா மானம் போய்டும்."

"சாப்பாட்டு டைம்ல சார். எப்படியும் ஆடத்தான் போறாங்க."

முனகிக்கொண்டே விட்டுவிட்டார்.

குழி வேலை பார்த்தவர்கள் பேரணாம்பட்டு அண்ணன் தம்பி, ஏழுமலையும் கோவிந்தனும். ஏழுமலை தினமும் தோற்றான். தோற்றுவிட்டு என்னிடம் சண்டைக்கு வருவான்.

"பேஜார் கேம் சார் இது. உள்ள ஒருத்தன் சாவறான், மேல நின்னு கயித்த இழுன்றீங்களே. மனுசனா இருந்தா எறங்கத்தான் சார் தோணும்."

வகுப்பில் வாயே திறக்காதவன்! ரோஷத்தில் மறுபடி ஆடுவான். மறுபடி டொய்ங்.

3. ஏணியில் ஒரு கால்

ஒருநாள் காலை பம்பு குழாய் அடைத்துக்கொண்டது. காற்று ஊதும் புளோயர் வருவதற்குள், "ரெண்டு நிமிஷ வேல" என்று கோவிந்தன் ஏணியைப் பிடித்திருக்கிறான். அது தப்பு, பிறகு இருவருக்கும் என்னிடம் செம டோஸ். ஆனால் ஏழுமலை அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, "பெல்ட்ட மாட்றா, இல்லன்னா மொதல்லயே அவுட்டு" என்று மாட்டி, கயிற்றை மேலே கட்டிவிட்டிருக்கிறான்.

பாதி ஏணியில் கோவிந்தன் கை நழுவியது. கயிற்றில் தலை தொங்கிக் கிடந்தான். கூச்சல் கேட்டு ஓடிவந்தேன். ஏழுமலையின் ஒரு கால் ஏணியில் இருந்தது.

நான் கத்துவதற்குள் அவனே காலை எடுத்தான். "கயிறு சார், கயிறு! இழுங்க!"

நாலைந்து பேர் இழுத்து வெளியே போட்டோம். சாயங்காலம் வேலூர் ஆஸ்பத்திரியில் கோவிந்தன் கண் விழித்து டீ கேட்டான். அப்பாடா! நான் வராந்தாவில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஏழுமலை அழுதான். "கால வெச்சிட்டேன் சார். அந்தச் சனியன் புடிச்ச சத்தம் காதுல கேட்டுச்சி."

4. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு

மிட்டாய் உடைக்கவும் துப்பாக்கி சுடவும் போனில் எத்தனையோ கேம் இருக்கிறது. தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம்முக்கு ஒன்று உண்டா? ஆசிட் கேனுக்கு? வெட்டிவேலை என்று ஒதுக்கியே எல்லாரும் கேமை வீணடித்துவிட்டோம். நானும் திட்டியவன்தான். குழியில் ஒரே ஒரு முறைதான் சாகலாம். போனில் எத்தனை முறை வேண்டுமானாலும் செத்துப் பழகலாம். கேம் செய்யத் தெரிந்தவர்கள் உங்களில் இருந்தால் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்காக எங்கள் டேனரிகள் பக்கம் வாருங்கள்.

வேலைக்குத் திரும்பிய அன்று கேன்டீனில் கோவிந்தன் என்னிடம் அண்ணனைப் போட்டுக்கொடுத்தான். "சார், இவன் இன்னும் ஒரு தபா கூட அந்த கேம்ல ஜெயிக்கல."

ஏழுமலை போனிலிருந்து நிமிரவே இல்லை. "நீ டீ குடிக்கற இல்ல? குடி."