தனுஷ்கோடியில் ஒட்டிய அம்புக்குறி

பிரிண்ட் போட்ட புதுப் பனியனை முகர்ந்தால் லேசாக ரப்பர் வாசம் அடிக்கும். நான்காம் வகுப்புப் படிக்கையில் அப்பா கொண்டுவந்த, குறையென்று கழித்துப்போட்ட “செகண்ட்ஸ்” பனியன் ஒன்றில், ரோஜா நிறத்தில் ஒற்றைக்காலில் நின்றது ஒரு பறவை. பூநாரை என்றும், ராமேஸ்வரம் தீவுக்குத் தை மாதத்தில் வருமென்றும் டீச்சர் சொன்னதிலிருந்து, அதைப் பார்த்தே தீருவேன் என்று வீட்டில் நான் பண்ணாத அழும்பு இல்லை.

அம்மா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் “செக்கிங்”கில் இருந்தாள். துணியை மேஜையில் விரித்து, இடது ஓரத்தில் தொடங்கி வலது ஓரம் வரை கண்ணாலேயே தடவி, ஓட்டையோ கறையோ தென்பட்டால் அந்த இடத்தில் சின்ன சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவாள். அந்த மார்கழியில் கறையோடு நாலைந்து பீஸ் பெட்டிக்குள் போய்விட, சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும், “உங்களுக்குக் கண்ணு மங்கிப்போச்சுங்க. பொங்கல் லீவு முடிஞ்சா கைமடிக்குப் போயிருங்க” என்றுவிட்டார். கைமடி என்பது டெய்லர் பக்கத்தில் நின்று துணி எடுத்துக் கொடுக்கிற வேலை, புதிதாக வருகிறவர்களுக்கு உரியது. அந்த ஆள்மேல் எனக்கு வந்த கோபம் இன்றும் ஆறவில்லை.

பொங்கலுக்கு வழக்கமாகக் கணியூரில் அப்புச்சி ஊட்டுக்கு, அம்மாவின் அப்பா வீட்டுக்கு, போவோம். அந்த வருஷம் அம்மா, “இந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நா அங்க வரலீங்க. புள்ள கேட்ட பறவையப் பாக்கப் போலாங்க” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

தனுஷ்கோடிச் சாலையில் ஆட்டோவை நிறுத்தி இறங்கினால், காலடியில் நண்டுகள் ஓடி வளைக்குள் ஒளிந்தன, தலைக்குமேல் செம்பருந்து சுற்றியது, எதிரே கடல்நீர் தேங்கிய பரப்பு வெறுமையாகக் கிடந்தது. “போன வாரம் நின்னுச்சும்மா, கிளம்பிருச்சு போல” என்றார் ஆட்டோக்காரர். எனக்கு அழுகை முட்டியது.

“இருங்க” என்றாள் அம்மா. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேஜைமுன் நிற்பதுபோலவே நின்று, தண்ணீரின் இடது ஓரத்திலிருந்து பார்க்கத் தொடங்கினாள். அப்பா இரண்டு முறை பெருமூச்சு விட்டார். வலது ஓரத்தை நெருங்கும்போது அவள் கண் நின்றது.

“ஏனுங்க, அங்க ஒரு கறை இருக்குதுங்க.”

“கானல் புள்ள அது” என்றார் அப்பா.

அம்மா மணிபர்ஸில் கிடந்த அம்புக்குறிப் பட்டையிலிருந்து ஒரு ஸ்டிக்கரைக் கிழித்து ஆட்டோவின் முன்கண்ணாடியில் ஒட்டினாள். “கண்ணு, உள்ள உக்காந்து இதுக்கு நேரா பாரு.” பார்த்தேன். சாயம் ஒட்டியதுபோல வெளுத்த ரோஜா நிறம். அது அசைந்தது. அதிலிருந்து ஒரு கழுத்து மேலே எழுந்தது, பின்னாலேயே இன்னொன்று.

“அம்மா, பறவைங்க” என்று நான் கத்த, அப்பாவும் ஆட்டோக்காரரும் முண்டியடித்துப் பார்த்தார்கள். அம்மா பறவைகளை அதிகம் பார்க்கவில்லை. “எனக்கொண்ணும் கண்ணு மங்கலீங்க” என்றாள், அங்கே இல்லாத ஒருவரிடம்.

லீவு முடிந்த அன்று அவள் நேராக செக்கிங் மேஜையில் போய் நின்று, “பீஸப் போடுங்க. ஒண்ணு விட்டாலும் நானே கைமடிக்குப் போறேனுங்க” என்றாளாம். அதற்குப்பின் பதினோரு வருஷம் அங்கேயே நின்றாள்.

போன பொங்கலுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். அப்பா இப்போது இல்லை. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது. அதே இடத்தில் கார்களும் சோளக்கடைகளும் நிறைந்திருந்தன. பறவைகள் இப்போதெல்லாம் இந்தப் பக்கம் ஒதுங்குவதில்லை என்றார் கடைக்காரர். “கெளம்பலாம்மா” என்றேன்.

“இரு கண்ணு, இன்னும் முழுசாப் பாக்கல” என்றாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, மணிபர்ஸின் ஜிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, இடது ஓரத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.