பஞ்சம்மாள் வண்டி

சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகி, ஒரு காலால் தரையை உந்தி, தத்தித் தத்திக் குதித்துச் சைக்கிளில் ஏறிவிட்டாள் பஞ்சம்மாள். ஏறியதும் இரண்டு முழங்கால்களும் ஹேண்டில்பாருக்கு மேலே எழும்பி அவள் காதைத் தேடுகின்றன. வெம்பக்கோட்டை ரோட்டில் லோடு லாரி ஹாரன் அடித்தாலும் ஒதுங்கமாட்டாள். "ஏலே, எம் வண்டிக்கு எம்புட்டு எடம் வேணும்? நீ சுத்திப் போ!"

பட்டாசு ஆலையில் சரவெடி பின்னுகிறவள். நாற்பது வயது, நல்ல உயரம். சைக்கிளோ சிறுபிள்ளைகள் ஓட்டுவது. அவளுடைய அப்பா ஒச்சப்பன் வாங்கிக் கொடுத்தது.

ஒச்சப்பன் தீப்பெட்டி ஆபீசில் பண்டல் தூக்கியவர். அடுத்த தெருப் பிள்ளையின் சைக்கிளுக்குப் பின்னாலேயே ஐந்து வயது மகள் ஓடியதைப் பார்த்த அன்று டீயை நிறுத்தினார். டீக்காசு பவுடர் டப்பாவுக்குள் போனது. கூட வேலை பார்த்தவர்கள் கூப்பிட்டால், "டீ குடிச்சா காது அடைக்குதுப்பா" என்பார். வருஷங்கள் போயின. ஒரு பொங்கலுக்கு, விருதுநகரில் வாங்கிய சிவப்புச் சைக்கிளை பஸ் மேலே ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, நேரே கடைக்குப் போய் மூன்று கிளாஸ் டீ குடித்தார்.

"காது என்னாச்சு?"

"தொறந்துருச்சு."

ஒன்றை மட்டும் அவர் யோசிக்கவில்லை. மனசுக்குள் அளவெடுத்தது ஐந்து வயது மகளுக்கு. ஏறி உட்கார்ந்தது பத்து வயது மகள். முதல் நாளே முட்டி இடித்தது. ஆனாலும் பஞ்சம்மாள் இன்றுவரை வண்டியைக் குறை சொன்னதில்லை. "வண்டி சரியாத்தான் இருக்கு. எங்காலுதான் நீளம்."

போன வருஷம், 2004 தீபாவளிச் சீசனில், ஆலை வாசலில் நிறுத்தியிருந்த வண்டி மத்தியானம் காணாமல் போனது. பஞ்சம்மாள் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். சோறு இறங்கவில்லை. "எல்லாரும் சேந்து பெரிய வண்டியா வாங்கித் தாரோம்க்கா" என்று போர்மேன் காளீஸ்வரன் சொன்னதும் அழுகை இன்னும் கூடியது.

"எங்கய்யா வாசல்லயே உக்காந்திருப்பாக. என்னயக் கேக்கமாட்டாக, வண்டி வந்துருச்சான்னுதான் கேப்பாக. என்னத்தச் சொல்லுவேன்?"

எடுத்துப் போனவன் சுந்தரபாண்டி என்ற வெளியூர் ஆள். முதல் டீக்கடையிலேயே மறித்துவிட்டார்கள். "இது பஞ்சக்கா வண்டியில்லே?" பயத்தில், "அக்காதான் குடுத்துவிட்டாக" என்று உளறினான். யாருக்கும் தராதவள் தந்திருக்கிறாள் என்றால் நெருங்கிய சொந்தமாகத்தான் இருக்கவேண்டும். உட்காரவைத்து டீ கொடுத்து, அக்காவுக்கு என்று காராச்சேவும் கட்டிக் கொடுத்தார்கள். கொஞ்ச தூரத்தில் தையல்காரி அருணாதேவி ஓடிவந்து, தைத்த ஜாக்கெட்டைத் திணித்தாள். அப்புறம் யாரோ ஒரு கட்டு முருங்கைக்காய். எந்தப் பக்கம் திரும்பினாலும் அக்காவுக்கு வேண்டியவர்கள். சாயங்காலம், இரண்டு பக்கமும் பை தொங்க, அவனே ஆலை வாசலில் வந்து இறங்கினான்.

"மன்னிச்சிருங்கக்கா. பஸ்ஸ விட்டுட்டேன், அவசரத்துல எடுத்துட்டேன். இந்தாங்க ஜாக்கெட்டு. கைய கொஞ்சம் லூசா வச்சிருக்காகளாம்."

காளீஸ்வரன் கையை ஓங்கினார். பஞ்சம்மாள் குறுக்கே போனாள். வண்டியைச் சுற்றிவந்து தடவிப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"முட்டி வலிக்குதாலே?"

"உசுரு போகுதுக்கா."

"ஓட்ட ஓட்டப் பழகிரும். இப்ப ஊருக்கு எப்படிப் போவ?"

"பஸ் ஸ்டாப்பு வரைக்கும் நடந்துதான்."

பஞ்சம்மாள் பையெல்லாம் மாட்டிக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தாள். பின்னால் திரும்பாமலே, கேரியரை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள்.