இரண்டு செல் போதும்

என் கிளைடருக்கு இரண்டு செல் பேட்டரி போதும். இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை விதமாகத்தான் ஒரு பொம்பளை சொல்லிப் பார்ப்பது.

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற கம்பெனி ஒன்றில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சாமி படங்களுக்குக் கீழே ராகுகாலம் ஒட்டுவது என் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை ஆனைக்குட்டம் அணையின் காய்ந்த படுகைக்குப் போய்விடுவேன். தோளில் நீளப் பை. அதற்குள் இரண்டு துண்டாகக் கழற்றிய இறக்கை, விரால்மீன் போல வழுவழுத்த உடல். ரிமோட்டில் பறக்கிற பொம்மை விமானம், ஒரு கோடை முழுக்க ஒட்டித் தேய்த்து நானே செய்தது. மூக்கில் சின்ன மோட்டார் உண்டு, ஏற்றிவிட மட்டும். ஏறியதும் நிறுத்திவிடுவேன், விசிறி மடங்கிக்கொள்ளும். பிறகு கரிசல் மண் விடுகிற சூட்டு மூச்சில், பருந்துக்குப் பக்கத்தில் இன்னொரு பருந்தாக அது வட்டமிடும். சத்தமே இருக்காது. வருஷம் பூராவும் வெடி சோதிக்கிற சத்தத்தைக் காதில் சுமக்கிறவளுக்கு, சத்தம் போடாமல் மேலே போகிற பொருள் ஒன்று வேண்டியிருந்தது.

பேட்டரியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை நான். லித்தியம் செல் ஒன்றுக்கு மூன்று புள்ளி ஏழு வோல்ட். இரண்டைக் கோத்தால் ஏழு புள்ளி நான்கு, மூன்றைக் கோத்தால் பதினொன்று புள்ளி ஒன்று. வோல்ட் ஏறினால் அதே மோட்டார் வெறிபிடித்துச் சுற்றும். எடை ஏறும், கனத்த கிளைடர் காற்றில் நிற்காமல் இறங்கும். அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. வாலைத் திருப்புகிற குட்டி மோட்டார்களுக்கும், ரிமோட் சொல்வதை வாங்கிக்கொள்கிற ரிசீவருக்கும் ஐந்து வோல்ட்தான் கொடுக்க வேண்டும். மிச்சத்தை, பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிற கன்ட்ரோலருக்குள் இருக்கும் சின்னத் துண்டு ஒன்று சூடாக்கித்தான் கழிக்கிறது. ஏழிலிருந்து ஐந்துக்கு வருவது அதற்குப் படி இறங்குகிற மாதிரி. பதினொன்றிலிருந்து ஐந்துக்கு வா என்றால் மச்சிலிருந்து குதி என்கிற மாதிரி. குதித்தால் சுருண்டுவிடும். அது சுருண்டால் ரிமோட்டுக்கும் கிளைடருக்கும் பேச்சுவார்த்தை முடிந்தது.

இதையெல்லாம் என் கொழுந்தனிடம் சொல்லியிருக்கிறேன். என் வீட்டுக்காரரின் தம்பி, சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். வானவெடிப் பிரிவு. கிளைடரை எறிந்துவிட எனக்கு ஓர் ஆள் வேண்டும், அவருக்கு நல்ல தோள். ஆனால் மேலே போவது எல்லாமே தன் அதிகாரத்துக்குள் என்று ஒரு நினைப்பு.

“எம்புட்டு வோல்ட்டு மதினி இது?”

“ஏழு சொச்சம்.”

“ஏழரைன்னு சொல்லுங்க. சனியன மூக்குல வச்சுக்கிட்டுப் பறக்கச் சொல்றீக. மொய் எழுதுற மாதிரி பதினொண்ணாப் போடுங்க.”

“கன்ட்ரோலர் தாங்காது தம்பி.”

“மருந்தக் கூட்டுனா உசரம் கூடும் மதினி. எங்க ஷெட்டுல நேத்து வேலைக்கு வந்தவளுக்கும் இது தெரியும்.”

“இது வாணம் இல்ல.”

“மேல போறது அம்புட்டும் வாணந்தான்.”

ஆவணி மாதத்து ஞாயிறு அது. ஆலைக் கூட்டாளிகள் இரண்டு பேரை வேடிக்கை பார்க்கக் கூட்டி வந்திருந்தார். நான் தள்ளிப்போய் மண்ணைத் தூவிக் காற்றின் திசை பார்த்துக்கொண்டிருந்தேன். மேல்காற்று, கிழக்கே இழுத்தது. பேட்டரி மாட்டியதும் கன்ட்ரோலர் எத்தனை செல்லோ அத்தனை தடவை கூவும். மூன்று முறை கூவியிருக்கும். காற்றில் எனக்குக் கேட்கவில்லை. அவர் சொந்தமாக வாங்கி வந்த மூன்று செல் பேட்டரியை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், மூக்குக்குள் திணித்து மூடியிருக்கிறார்.

“மாட்டியாச்சு மதினி. நீங்க நில்லுங்க.”

வாலை அசைத்துப் பார்த்தேன், அசைந்தது. எறிந்தார். கிளைடர் செங்குத்தாகக் கிளம்பியது. என் கிளைடர் இதுவரை போடாத ஊளை ஒன்று போட்டது.

“பாத்தீகளா, ராக்கெட்டு.” கூட்டாளிகள் விசிலடித்தார்கள்.

எனக்குப் புரிந்துவிட்டது. மோட்டாரை நிறுத்தி, இறக்கலாம் என்று வளைத்தேன். ஒரு வளைவு வளைந்தது. அடுத்ததற்கு ரிமோட்டின் குச்சியை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை தள்ளியும் அசையவில்லை. உள்ளே சூட்டில் சுருண்டாயிற்று. கைவிட்ட கிளைடர், மேல்காற்று தள்ளத் தள்ள, கரையைத் தாண்டிக் கிழக்கே போனது.

கிழக்கே என்ன இருக்கிறது என்று எங்கள் நாலு பேருக்கும் தெரியும். இன்னொரு பட்டாசு ஆலை. வேப்ப மரங்களுக்கு நடுவே தள்ளித் தள்ளி நிற்கும் ஒற்றை அறைகள். வெளியே மேடைகளில் வெயிலில் காய்கிற சரக்கு. சீசன் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் வேலை. லித்தியம் பேட்டரி அடிபட்டு நசுங்கினால் தானாகவே பற்றும். தண்ணீருக்கும் லேசில் அடங்காது. அது அந்த மேடைகளுக்கு மேலே இறங்கப் போகிறது.

ஓடினேன். ஓட ஓடக் கொழுந்தன்தான் கண்ணில் நின்றார். தினமும் காலையில் தன் ஆலை வாசலில் நின்று, வேலைக்கு வருகிறவர்களின் மடியைத் தடவித் தீப்பெட்டி தேடுகிற மனுஷன். உடம்பிலிருக்கிற மின்சாரம் இறங்கச் செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போ என்று கிழவிகளை அதட்டுகிறவர். அவர்தான் இன்றைக்கு நெருப்புக்கு இறக்கை கட்டி அனுப்பியிருக்கிறார்.

வேலிக்கு இந்தப் பக்கம், சீமைக் கருவேலத்தில் விழுந்து கிடந்தது. இறக்கை ஒடிந்திருந்தது. பேட்டரி மூக்கிலிருந்து பிதுங்கி, ஒரு முனை நசுங்கி, பூரி மாதிரி உப்பிக்கொண்டிருந்தது. குச்சியால் இழுத்து வெறும் தரையில் போட்டு, மேலே மண்ணைத் தள்ளினேன். முள் கிழித்ததெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது.

வேலிக்கு அந்தப்பக்கம் வாட்ச்மேன். “என்னத்தா அது?”

“பேட்டரி. தீப்பிடிக்கும் அண்ணாச்சி.”

அவர் திரும்பி ஓடினார். மேடைகளிலிருந்தும் அறைகளிலிருந்தும் பெண்கள் எழுந்து வாசல் பக்கம் நடந்தார்கள். என் தெருக்காரி ஒருத்தி என்னை அடையாளம் கண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூச்சு வாங்கிக்கொண்டு கொழுந்தன் வந்தார். மண்மேட்டைப் பார்த்தார். “ஒண்ணும் ஆகலைல மதினி.”

எங்கள் சீமையில் இந்த வாக்கியத்தைச் சொல்லித்தான் எல்லாம் நடக்கிறது. ஓர் அறையில் அளவுக்கு மேல் ஆள் உட்காரும், ஒண்ணும் ஆகலை. உச்சி வெயிலில் மருந்து கலக்கும், ஒண்ணும் ஆகலை. ஆகிற அன்றைக்கு இதைச் சொன்ன வாய் இருக்காது, கேட்ட காதும் இருக்காது.

“ஒரு அலுமினியத் தகடு வச்சாச் சூடு இறங்கிரும் மதினி. அடுத்த வாரம் பாருங்க, மூணு செல்லுலயே...”

“வாய மூடு.” முதல் தடவையாக அவரை ஒருமையில் பேசினேன்.

கூட்டாளிகளோடு கறிச்சோறு தின்னப் போய்விட்டார். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வெயில் தாழ்கிற நேரத்தில் மண்ணுக்குள்ளிருந்து வெள்ளைப் புகை கிளம்பியது. பிறகு சீறிக்கொண்டு நெருப்பு. நானும் வாட்ச்மேனும் மட்டும் பார்த்தோம். அது எரிந்து ஓய்ந்த பிறகுதான் அவர் அந்தப் பெண்களை உள்ளே விட்டார்.

இறக்கையை ஒட்டிவிட்டேன். கன்ட்ரோலர் புதுசு. அதில் எல்லாரும் வைத்திருக்கிற மஞ்சள் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, இந்த வட்டாரத்தில் எவரிடமும் இல்லாத வேறொரு பிளக்கை ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். என் இரண்டு செல் பேட்டரிகளுக்கும் அதேதான். போன வாரம் வீட்டுக்கு வந்த கொழுந்தன் கிளைடரை மடியில் வைத்துத் துழாவினார்.

“என்ன மதினி, இதுல எந்த பேட்டரியும் மாட்ட மாட்டேங்குது?”

“என் பேட்டரி மாட்டும்.”

“அப்ப என்னய நம்பலையா நீங்க?”

என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். அடுப்படியில் மாமியாரின் கரண்டிச் சத்தம் நின்றது. பொறுத்துப் போ, தம்பிதானே என்று வீடே என் வாயைப் பார்த்தது.

“நம்பல,” என்றேன்.