பிரேக் நன்றாகத்தான் இருந்தது

என் கணவர் யாரை வேண்டுமானாலும் குறை சொல்வார். என் சமையலை, என் அண்ணனை, பூசையில் பிரசங்கத்தை இழுத்துக்கொண்டே போகிற ஃபாதரை, இந்த ஊர் டிராஃபிக்கை. அவருடைய வண்டியை மட்டும் குறை சொன்னதே கிடையாது. அது வந்து பதினான்கு வருடமாக நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், ஒரு வார்த்தை வந்ததில்லை. என்னை ஒரு நாள் அப்படிக் குறை சொல்லாமல் இருந்திருந்தால் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பேன்.

அது ஜப்பான்காரர்களின் கம்பெனி வண்டி. ஏழு பேர் உட்காரலாம். பெயர் சொல்லவே வேண்டாம். பெங்களூரில் ஏர்போர்ட்டுக்குப் போனவர்கள், எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்ப்பவர்கள், குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்கோ திருப்பதிக்கோ போய் வந்தவர்கள், எல்லோரும் ஒரு நாளாவது அதன் நடு சீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்கியிருப்பார்கள். "அந்த வண்டின்னா அனுப்புங்க, வேற எதுவும் வேணாம்" என்று போனில் கண்டிப்பாகச் சொல்பவர்களை நானே கேட்டிருக்கிறேன். வழியில் நிற்காது, மலையில் திணறாது, கூட வருகிற வயசானவர்களுக்கு இடுப்பு வலிக்காது. இவ்வளவுதான் அதன் பெருமை. ஆனால் இந்த மூன்றும் நாங்கள் மனிதர்களிடம்கூட எதிர்பார்க்காத விஷயங்கள்.

நாங்கள் இருப்பது பெங்களூர் மர்பி டவுனில். நான் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சர். அவர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே டிரைவர். முதலில் வேறொரு முதலாளியிடம் ஓட்டினார். அதுவும் அதே கம்பெனி வண்டிதான், பெட்டி மாதிரி சதுரமாக இருக்கும் பழைய மாடல். ஊரெல்லாம் அது ஓடிக்கொண்டிருந்தபோது, நன்றாக விற்றுக்கொண்டிருந்தபோதே, அதைச் செய்வதை நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கு இவர் சரியாகச் சாப்பிடவில்லை. "ஓடற வண்டியப் போய் நிறுத்துவானா எவனாவது? புத்தி கெட்டவனுங்க" என்று திட்டித் தீர்த்தார். அதற்குப் பதிலாகப் புது வண்டி வந்தது. அதைத் தொடவே மாட்டேன் என்றார். முதலாளி அதை ஒருமுறை ஊட்டிக்கு ஓட்டிப்போகச் சொன்னார். திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "என்ன செய்யறோம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குடி" என்றார். சில வருடம் கழித்து அதே வண்டியைத் தன் பெயரில் எடுத்தார். ஃபாதரைக் கூப்பிட்டு மந்திரித்துத் தண்ணீர் தெளித்தோம். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழமும் வைத்தோம். ஃபாதர் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றார்.

அந்த வண்டியில் முதல் இரண்டு வருடம் அவர் ஒரு ஜப்பான்காரரை தினமும் ஏற்றிக்கொண்டு போய் வந்தார். மைசூர் ரோட்டில் ஊர் தாண்டி இருக்கிற அவர்கள் ஃபாக்டரியில் அந்த மனிதர் இன்ஜினியர். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் கொஞ்சம், இவருக்குத் தெரிந்தது அதைவிடக் கொஞ்சம். இருவரும் எப்படித்தான் பேசிக்கொண்டார்களோ, ஒரு கதையை மட்டும் இவர் முழுசாக வாங்கி வந்துவிட்டார். கார் செய்வதற்கு முன்னால் அந்தக் குடும்பத்தார் தறி செய்தவர்களாம். நூல் ஒன்று அறுந்தால் தறி தானாக நின்றுவிடுமாம், கெட்ட துணி நெய்யாதாம். கார் ஃபாக்டரியிலும் அதே வழக்கமாம். தலைக்கு மேல் ஒரு கயிறு தொங்கும். வேலை செய்கிற யார் கண்ணில் தப்பு பட்டாலும் இழுக்கலாம், சரிசெய்ய முடியாவிட்டால் வேலை மொத்தமும் நிற்கும், யாரும் திட்ட மாட்டார்கள். இந்தக் கதையை அவர் சொல்லாத ஆள் இல்லை. என் தங்கை கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம்கூடச் சொன்னார். எனக்கு நூல், தறி என்றாலே கொட்டாவி வரும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் அவர் ராத்திரி டிரிப் எடுப்பதை நிறுத்தினார். வயசாகிறது, நல்லதுதான் என்று நினைத்தேன். பிறகு போனில் வருகிற விலாசத்தை என்னிடம் நீட்டி, "கண்ணாடி எங்கயோ வச்சிட்டேன், நீ படி" என்றார். படித்தேன். சர்வீஸ் பில்லை நீட்டினார், அதையும் படித்தேன். பேப்பர் வாங்குவதை நிறுத்தினார், அதில் ஒன்றும் இல்லை என்றார். அதுவும் உண்மைதானே என்று விட்டுவிட்டேன்.

இப்போது நினைத்தால் என் மேலேயே எனக்கு எரிச்சலாக வருகிறது. என் வகுப்பில் கரும்பலகை தெரியாத பிள்ளையை நான் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவேன். அவை கெட்டிக்காரப் பிள்ளைகள். பக்கத்துப் பிள்ளை படிப்பதைக் காதில் வாங்கித் தானும் படிக்கும். பாடத்தை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வரும். எழுதச் சொன்னால் பென்சிலைத் தொலைத்துவிடும். எத்தனை அம்மா அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறேன், "கண்ணைக் காட்டுங்க மொதல்ல" என்று. என் வீட்டில் ஐம்பத்தாறு வயசில் ஒரு பிள்ளை அதையெல்லாம் செய்துகொண்டிருந்தது, எனக்குத் தோன்றவில்லை. வண்டி ஒழுங்காகப் போய் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது அல்லவா. ஆபீஸ்காரர்களை ஏற்றி எலெக்ட்ரானிக் சிட்டியில் இறக்கிவிட்டு ஒரு கீறல் இல்லாமல் திரும்பினார். வண்டி நன்றாக இருந்தால் டிரைவரும் நன்றாக இருக்கிறார் என்று நானும் நினைத்தேன், அந்த ஆபீஸ்காரர்களும் நினைத்தார்கள், அவரும் நினைத்திருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நீலசந்திராவில் என் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினோம். அவர் ஆயிரம் தடவை போன ரோடு. ஆனால் அந்த வாரம் அங்கே ஏதோ குழாய்க்காகத் தோண்டி, பாதி ரோட்டை அடைத்து இரும்புத் தடுப்பு வைத்திருந்தார்கள். மஞ்சள் பெயின்ட், சிவப்பு எழுத்து, நல்ல வெயில். அவர் பேசிக்கொண்டே அதை நோக்கி நேராகப் போனார். தடுப்புக்கு முன்னால் ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். "ஐயோ, நிறுத்துங்க!" என்று நான் போட்ட கூச்சலில் பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது. அந்தப் பெண்ணின் புடவை பானெட்டில் உரசியது. அவள் கன்னடத்தில் எங்கள் வம்சத்தையே திட்டினாள், திட்டட்டும், திட்டுவதற்கு உயிரோடு இருந்தாளே.

அவர் வண்டியை ஓரமாக எடுத்து நிறுத்தினார். ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "பிரேக் சரியில்ல" என்றார்.

எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். அந்தப் பெண் தப்பித்ததில்கூட இல்லை, இந்த வார்த்தையில். பதினான்கு வருடத்தில் முதல் முறையாக என் புருஷன் அந்த வண்டியைக் குறை சொன்னார்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு நானும் மெக்கானிக்கிடம் போனேன். சிவாஜிநகரில் இருக்கும் பாய், வண்டி வாங்கிய நாளிலிருந்து அவர்தான் பார்க்கிறார். நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தார். தானே ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார்.

"பாபி, பிரேக் ஏக்தம் பக்காவா இருக்கு" என்றார் என்னிடம், என்னை அண்ணி என்று உருதுவில்தான் கூப்பிடுவார். பிறகு இவரைப் பார்த்து, "அண்ணா, இந்த வண்டி மேல நீங்க பொய் சொல்றீங்களே, நல்லாவா இருக்கு?" என்று சிரித்தார். பாய் விளையாட்டாகத்தான் சொன்னார். இவர் சிரிக்கவில்லை. காதில் விழாத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் நான் ஒரு வேலை செய்தேன். கூடத்தில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரில் மூன்று தாளைச் சேர்த்துக் கிழித்தேன். தேதி அதில் உள்ளங்கை அளவுக்குப் பெரிசாக இருக்கும். அவரை வாசற்படியில் நிற்க வைத்து, "தேதி என்னான்னு படிங்க" என்றேன்.

"என்னா டீச்சரம்மா, எனக்கே பரீட்சையா?"

"படிங்க சொல்றேன்."

அவர் காலண்டரை நன்றாக உற்றுப் பார்த்தார். அன்றைய தேதியைச் சொன்னார். சரியான தேதி. காலண்டரில் இருந்தது அது இல்லை.

நான் கையில் இருந்த மூன்று தாளை நீட்டினேன். அவர் அதை வாங்கி, முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கத்தினார். கட்டின புருஷனை இப்படிச் சோதிக்கிற பொம்பளையை எங்கேயும் பார்த்ததில்லை என்றார். முப்பது வருஷமாக ஒரு நாயைக்கூட இடித்ததில்லை என்றார். ரோடு தன் காலுக்குத் தெரியும், எந்த மேடு எங்கே வருகிறதென்று சீட்டே சொல்லிவிடும், கண் எதற்கு என்றார். கண் எதற்கு! நானும் கத்தினேன்.

"ஊருக்கெல்லாம் கயிறு கதை சொன்னீங்களே, தப்பு தெரிஞ்சா யார் வேணா இழுக்கலாம்னு. நான் இழுத்துட்டேன். நாளைக்கு டிரிப் கிடையாது. போனீங்கன்னா ஆபீஸ்காரங்களுக்கு நானே போன் பண்ணுவேன்."

"பண்ணிடுவியா நீ?"

"பண்ணுவேன். புள்ளய வச்சிக்கினு நின்னாளே, அவ மூஞ்சி எனக்குத் தெரிஞ்சிது. உங்களுக்குத் தெரிஞ்சிதா?"

அவர் கட்டிலில் போய் உட்கார்ந்தார். "பொம்பளன்னு தெரிஞ்சிது" என்றார். "புள்ள இருந்தது தெரில."

சர்க்கரை. கண்ணுக்குள் ரத்தம் கசிந்து கசிந்து விழித்திரையைக் கெடுத்துவிட்டது என்றார் கண் டாக்டர். எத்தனை வருடமாகச் சர்க்கரை இருக்கிறது என்று கேட்டார். இவருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. வண்டிக்கு ஆயில் எப்போது மாற்றினோம் என்று கேட்டிருந்தால் இரண்டு பேரும் ஒரே குரலில் சொல்லியிருப்போம். லேசர் வைத்து இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம், போனது போனதுதான் என்றார் டாக்டர். இனி ஓட்டக் கூடாது என்பதையும் அந்த மனிதர் எழுந்திருக்காமல், கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இவர் எழுந்து நின்று தலையை ஆட்டினார்.

வண்டியை விற்கிறோம் என்று சொன்ன நாளிலிருந்து போன் ஓயவில்லை. பதினான்கு வருடம் ஓடின வண்டிக்கு இவ்வளவு பேர் வருவார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. வந்தவர்கள் எல்லோரும் பானெட்டைத் திறந்து காது வைத்துக் கேட்டார்கள். "இன்னும் பத்து வருஷம் கண்ண மூடிக்கினு ஓட்டலாம் சார்" என்று ஒருவர் சொன்னார். எனக்கு அவரை அறைய வேண்டும் போல இருந்தது. பத்து வருஷம் ஓடும், இருபது வருஷம் ஓடும். அதை ஓட்டியவர் என்ன ஆனார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் வாசலிலேயே நின்றிருந்தார். ஓசூர்க்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டு போனார். வண்டி தெருமுனையில் திரும்பும்வரை இவர் பார்த்தார் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் பாதித் தெருவுக்கு மேல் அவருக்குத் தெரிந்திருக்காது.

அதன் பிறகு அவர் வீட்டோடுதான் இருந்தார். சாப்பிட்டார், மாத்திரை போட்டார், படுத்தார். எனக்கும் சலித்துப்போயிருந்தது. பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளோடு கத்திவிட்டு வந்து, பேசாத ஒரு மனிதருக்குச் சப்பாத்தி போடுவது சின்ன வேலை இல்லை. ஒன்று மட்டும் எனக்குத் தாங்கவில்லை. கண் தெரியவில்லை என்று அவர் வாயால் இன்னும் ஒருதரம்கூடச் சொல்லவில்லை. டம்ளர் எங்கே என்று கேட்காமல் கையால் தடவுவார். தட்டிவிட்டால் டம்ளரைத் திட்டுவார். இரண்டாம் தடவை லேசருக்கு முந்தின நாள் பால் பாத்திரத்தை அடுப்பில் வைக்கப் போய் அனல் பட்டு விரலில் கொப்புளம். அப்போதும் அடுப்பைத்தான் திட்டினார். இப்படியே போனால் ஒரு நாள் கேட்காமல் ரோட்டைக் கடப்பார், அதோடு முடிந்தது என்று எனக்குப் பயம்.

மறுநாள் காலை இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போக அல்சூர் பஸ் ஸ்டாப்பில் நின்றோம். ஆட்டோ வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். எந்த பஸ் என்று அவருக்கு நான் சொல்லியிருந்தேன். ஒரு பஸ் வந்தது. கழுத்தை நீட்டிப் பார்த்தார், கையைக் காட்டவில்லை. போய்விட்டது. இன்னொன்று வந்தது. அதையும் பார்த்தார். படித்துவிட்ட மாதிரி முகத்தில் ஒரு பாவனை, அதே என் வகுப்புப் பிள்ளைகளின் பாவனை. அதுவும் போய்விட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. வேண்டுமென்றேதான் திறக்கவில்லை.

மூன்றாவது பஸ் வந்தபோது என் கைப்பை வாரைப் பிடித்தார்.

"இது எந்த பஸ்னு படிச்சிச் சொல்லு."

"இது நம்ம பஸ் இல்ல."

"மின்னாடி போனது?"

"ரெண்டுமே நம்மளுதுதான்."

"பாத்துக்கினேவா நின்ன?"

"நீங்க கேப்பீங்கன்னு நின்னேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. வாரை விடாமல், பஸ் வருகிற திசையைப் பார்த்தபடி, "முப்பது வருஷமா ஏர்றவங்கதான் என்னக் கேட்டாங்க, வண்டி எங்க போவுதுன்னு. எனக்குக் கேக்க வரலடி" என்றார்.