இனித்த டிரம்

நஞ்சைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தவள் நான். அந்த நேரம் யாராவது உள்ளே வந்திருந்தால் இவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

செரண்டாவில் குழந்தைகளுக்கான இருமல், காய்ச்சல் மருந்துகள் தயாரிக்கும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் எனக்குப் பரிசோதனைக்கூட வேலை. கோலா சிலாங்கூரில் இருக்கும் என் அக்காவுக்கு எங்கள் மருந்து என்றால் தனி நம்பிக்கை. மகளுக்கு மூக்கு ஒழுகினால் போதும், "உங்க ஃபேக்டரி மருந்து கொண்டாந்துரு லா" என்று போன் வந்துவிடும். அதே பாட்டில் அவள் வீட்டுப் பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும். தங்கை கையால் வந்தால்தான் காய்ச்சல் இறங்குமாம். அதனாலேயே மருந்துக்கான சரக்கு வந்து இறங்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குட்டியின் வாய்தான் கண்முன் வரும்.

மருந்துக்குப் பாகுபோன்ற பதம் கொடுப்பது கிளிசரின். அது டிரம் டிரம்மாக வெளியிலிருந்து வரும். அதைப் போலவே நிறமில்லாமல், இனிப்பாக இன்னொரு திரவம் உண்டு. பிரேக் எண்ணெயில் போடுவது, விலை மலிவு. காசுக்கு ஆசைப்பட்டு எவனாவது அதைக் கலந்துவிட்டால் பிள்ளைகளின் சிறுநீரகம் போய்விடும். வேறு நாடுகளில் பிள்ளைகள் அப்படிச் செத்த செய்தி வந்த பிறகு, ஒவ்வொரு டிரம்மையும் தனித்தனியாகச் சோதிக்கும்படி எங்களுக்குச் சொல்லிவிட்டார்கள். முன்பெல்லாம் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து ஒன்றாகக் கலந்து ஒரே சோதனைதான். பத்து நல்லவர்களுக்கு நடுவில் ஒரு திருடன் நுழைந்தால் யாருக்குத் தெரியும்?

எங்கள் ஸ்டோர் அண்ணனிடம் வேறொரு சோதனை இருந்தது. டிரம்மைத் திறந்து குழாயால் எனக்குச் சோதனை மாதிரி எடுத்துக் கொடுத்த பிறகு, அதில் ஒட்டியதை விரலால் வழித்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். இனித்தால் நல்ல சரக்கு. எஸ்டேட் கடையில் வெல்லம் வாங்கினாலும் ருசி பார்த்த பிறகே காசை எடுக்கும் பரம்பரை. நானும் அந்த வம்சம்தான். நான் திட்டுவேன், அவர் சிரிப்பார்.

அன்று புது வியாபாரி ஒருவரிடமிருந்து சரக்கு வந்திருந்தது. கலக்கும் தொட்டியைக் கழுவி வைத்துக் காத்திருந்தார்கள். இன்று ஒருநாள் மட்டும் எல்லாவற்றையும் கலந்தே பார்த்துவிடலாமே என்று மேனேஜர் போனில் நைசாகக் கேட்டார். அவர் பிள்ளைக்குக் கொடுப்பதானால் கலக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் பிறகு போன் செய்யவில்லை.

வெள்ளைப் பூச்சுள்ள தகட்டில் டிரம்முக்கு ஒரு சொட்டாக வரிசையாக வைத்து, கரைப்பானில் நிறுத்தினேன். ஈரம் மெல்ல மெல்ல மேலே ஏறும். கிளிசரின் கீழேயே தங்கிவிடும், மற்றது மேலே போய்விடும். பிறகு தகட்டை ஊதா நிறக் கரைசலில் முக்கினால் இருப்பதெல்லாம் மஞ்சள் பொட்டாகத் தெரியும். எத்தனையோ தகடுகள் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் கீழே ஒரே வரிசைதான். அன்று ஒரு டிரம்முக்கு மட்டும் மேலே இன்னொரு பொட்டு பளிச்சென்று நின்றது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுபடி வைத்தேன், அதே இடம். வேறு தகட்டில் வைத்தேன், அதே பொட்டு. பிடித்துவிட்டேன், பிடித்துவிட்டேன் என்று தனியாகவே கத்தினேன். மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு, கையுறையைக் கூடக் கழற்றாமல் ஸ்டோருக்கு ஓடினேன்.

"அண்ணே, அந்த மூலை டிரம்ல விஷம்ணே!"

அண்ணன் சிரிக்கவில்லை. "நான் காலையில நக்கிப் பாத்தனேம்மா," என்றார். "நல்லாத்தான் இனிச்சுச்சு."

என் ஆட்டம் அத்தோடு நின்றது. கம்பெனி காரில் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். அந்தத் துளி ஒன்றும் செய்யாது என்றார் டாக்டர். இரத்தமும் எடுத்துப் பார்த்துச் சரியாக இருக்கிறது என்றார். திரும்பி வரும்போது அண்ணன் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விரல் நுனி பட்டதுக்கே எனக்கு உதறுதே. பிள்ளைங்க வேளா வேளைக்கிக் குடிக்குமே," என்றார்.

அந்தச் சரக்கு முழுவதையும் பூட்டி வைத்து அரசாங்கத்துக்குத் தகவல் கொடுத்தார்கள். வேறிடத்திலிருந்து வந்த சரக்கையும் டிரம் டிரம்மாகச் சோதித்தேன். எல்லாம் சுத்தம். அதில் செய்த மருந்து கடைக்கு வந்த சமயம் அக்கா மகளுக்குக் காய்ச்சல். பாட்டிலோடு கோலா சிலாங்கூருக்குப் பறந்தேன். ஊரையே காப்பாற்றியவள் போல அக்காவிடம் கதையை ஒன்றுக்குப் பத்தாக அளந்தேன்.

மூடியில் அளந்து ஊற்றிக் கொடுத்ததைக் குட்டி ஒரே மடக்கில் குடித்தாள். பிறகு மூடிக்குள் விரலை விட்டு வழித்து நக்கினாள்.

"இனிப்பா இருக்கு சின்னம்மா."

அக்கா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குட்டிக்குத் தெரிந்தது அந்த இனிப்பு ஒன்றுதான். நான் சோதித்த தகடுகளை மனதுக்குள் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். மேலே பொட்டு எதிலும் இல்லை. அதன் பிறகுதான் அவள் கையிலிருந்த மூடியை வாங்கினேன்.